நோஞ்சான் வரிசை

மார்ச் 4

அன்பும் மரியாதையும் உரிய மச்சானுக்கு,

உடம்பும் மனமும் தேறி வருகிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டு அக்கா போன துக்கத்துக்கு வந்து உங்கள் பக்கத்தில் ஒரு வேளை உட்கார முடியவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது. அப்போதுதான் எனக்கு முழங்காலில் அறுவை முடிந்திருந்தது. உங்கள் தங்கை மட்டும் வந்து போனாள். திரும்பி வந்து, "அண்ணன் என் முகத்தையே பார்க்கல" என்று இரண்டு நாள் அழுதாள். பலமுறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்ற என்னை மறுபடியும் ஆலோசகராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் பழைய வேலைதான். இலைக்குள் விளையும் பிளாஸ்டிக்கைப் பிரித்து எடுப்பது. அன்று நமக்கு இருந்தது ஒரு தகரக் கொட்டகையும் நான்கு தொட்டிகளும். இன்று ஆறு ஏக்கரில் ஆலை. மண்ணில் போட்டால் சில மாதங்களில் மக்கிப்போகும் பிளாஸ்டிக் என்றால் இப்போது உலகமே கை நீட்டுகிறது.

ஆனால் மச்சான், வருவது நன்றாக இல்லை. பழுப்பாக வருகிறது. விரலால் அழுத்தினால் சருகுபோல் நொறுங்குகிறது. அளவும் மிகக் குறைவு. நீங்கள் அன்று நாற்பத்தொன்றாவது தடவை வேகவைத்து உங்கள் கையால் எடுத்தீர்களே, நாற்பத்தொன்றாம் ஈடு, அதில் செய்த சிறு கிண்ணம் என் மேசைமேல் இன்னும் இருக்கிறது. பால் வெள்ளை. வளைத்தால் வளைகிறது, முறிவதில்லை. பதிவேட்டில் எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே செய்து பார்த்துவிட்டோம். பதிவேட்டில் ஏறாத ஏதோ ஒன்று உங்கள் கையில் இருந்திருக்கிறது. நீங்கள் எழுதி வைப்பவர் இல்லை. ஆனால் எதையும் மறப்பவரும் இல்லை.

ஏப்ரல் 26 அன்று மேலிடத்துப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். அன்று ஒரு தட்டாவது வெள்ளையாகக் காட்டவில்லை என்றால் ஆலையை மூடிவிடுவார்கள். என் ஆயுசு முழுக்கச் செய்த வேலை அதோடு போச்சு. சொல்லுங்கள் மச்சான். கார் அனுப்பட்டுமா?

தங்கையின் வணக்கத்தோடு,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 13

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று பேர் வாசித்தார்கள். முதலில் தையற்காரர், பிறகு மருந்துக்கடைக்காரர், கடைசியாக மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தபால்கார அம்மாள். மூவரும் தனித்தனியாக வாசித்து, மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குக் கடிதம் வந்ததாக அர்த்தம். இப்படி ஒரு கிறுக்கு ஏன் பிடித்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இதை எழுதுவது தையற்காரர். நான் வாய்க்கு வந்தபடி சொன்னால் அவர் புத்தகப் பேச்சாக மாற்றி எழுதுகிறார். "எழுத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு பெரியவரே" என்கிறார். "மரியாதையைச் சட்டைக்கு வைங்க, நான் சொன்னதை எழுதுங்க" என்றேன். பாருங்கள், அதையும் எழுதிவிட்டார்.

கார் வேண்டாம். என் தொண்டை அன்றைய ஆவியில் வெந்தது வெந்ததுதான். பத்து அடி நடந்தால் விசில் அடிக்கிறது. போனும் வேண்டாம். காதில் கேட்டதை நம்பி ஒருமுறை கெட்டவன் நான். இனி எல்லாம் எழுத்தில்.

நாற்பத்தொன்றாம் ஈடு எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். உங்கள் முதல் நாளே ஞாபகம் இருக்கிறது. நீல நிறச் சட்டை, இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை. ஒரு புகையிலைச் செடியைத் தொட்டியோடு தூக்கி வந்து என் முன்னால் வைத்தீர்கள். "மச்சான், மண்ணுல ஒரு கிருமி இருக்கு. நமக்கு வயித்துல கொழுப்பு சேர்ற மாதிரி, அதுக்கு உள்ளுக்குள்ள பிளாஸ்டிக் சேருது. அந்தப் புத்தியைப் பிரிச்சு எடுத்து இந்தச் செடிக்குக் குடுத்திருக்கோம். இனிமே இது இலையில பிளாஸ்டிக் பண்ணும். அதைக் கறந்து எடுக்கிறது உங்க வேலை" என்றீர்கள். நான், "மடி எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றேன். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று. செடிகளைப் பார்த்துக்கொள்வது அவன். இலையை வேகவைப்பது நான். பதிவேடு எழுதுவது நீங்கள். ஆபீஸ் தாள்களைப் பார்ப்பது என் தங்கை. ஒரு குடும்பமே அந்தக் கொட்டகையில் இருந்தது.

இலையைக் காயவைத்துப் பொடித்து, சூடான ஸ்பிரிட்டில் பச்சையும் பிசினும் போகும்வரை கழுவி, மிஞ்சிய சக்கையைக் குளோரோபார்மில் கரைத்து வடித்து, அந்தப் பாகைக் குளிர்ந்த ஸ்பிரிட்டில் ஊற்றினால் மேகம்போல் வெள்ளை திரளும். இதெல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கும். இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. உண்மைதான். பீப்பாய்மேல் எழுதியிருப்பதை எனக்குப் படிக்கத் தெரியாது; பார்க்கத் தெரியும். எந்தப் பீப்பாயில் எது இருக்கிறது என்று எழுத்தின் உருவத்தை வைத்தே, அதற்கு முன் பார்த்த வேலையையும் சேர்த்துப் பதினெட்டு வருஷம் தப்பில்லாமல் எடுத்திருக்கிறேன். நான் பார்த்தது போகாது.

இப்போது நான் உங்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன்.

அன்று காலை பத்தேகால். பெரியவர்கள் வரப்போகிறார்கள். கொட்டகையில் ஆவியை வெளியே இழுக்கும் விசிறி ஒன்பது நாளாக ஓடவில்லை. என் மகன் இலைக் கூடையோடு வாசலில் நின்று சொன்னான்: "மாமா, விசிறி ஓடாம சூடேத்தாதீங்க. ஸ்பிரிட் ஆவி உள்ளயே நிக்கும். ஒரு பொறி போதும்." நீங்கள், "நீ இலை பிடுங்குற வேலையைப் பாருடா. வர்றவங்க முன்னாடி தொட்டி ஆறிக்கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, அடுப்பின் விசையை நீங்களே போட்டீர்கள். பத்து ஐம்பதுக்கு நெருப்பு. வாசல் காவல்காரர் ஓடிவந்து என்னை இழுத்து வெளியே போட்டார். பதினொன்றாம் நாள் அவர் செத்தார். நான் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் கண்ணில் கட்டு. நீங்கள் வந்தீர்கள். நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். மறுநாள் ஒரு தாளோடு வந்து, "நீங்க சொன்னதை எழுதிட்டேன் மச்சான்" என்று வாசித்துக் காட்டினீர்கள். ஒன்பது நாள் விசிறி, என் மகன் தடுத்தது, விசை போட்டது யார், எல்லாம் வாசித்தீர்கள். என் காதில் இன்னும் இருக்கிறது. கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு வைத்தது என் தங்கை. அவள் கை நடுங்கியது. அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நடுங்குகிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து நான் வீட்டுக்கு வந்தபோது என் மகன் சிறையில் இருந்தான். நான் சொன்னது எடுபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கப் போனேன். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். பதினான்கு மாதம் கழித்து வெளியே வந்தவன் வீட்டு வாசலைத் தாண்டாமல் வேறு நாட்டுக்குப் போய்விட்டான். இருபத்திரண்டு வருஷம். அவன் அம்மாவுக்குக் கடிதம் போடுவான். எனக்கு ஒரு வரி இல்லை. அவளும் என்னோடு அளவாகத்தான் பேசினாள். "சாப்பிடுங்க", "மருந்து போட்டீங்களா", அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாதா?" என்பாள். தெரியாதே மாப்பிள்ளை. சத்தியமாகத் தெரியாது.

போன வருஷம் அவள் செத்த பிறகு அவள் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு தாள். என் கட்டைவிரல் ரேகை. தையற்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "தொட்டி அருகில் என் மகன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பலமுறை கண்டித்தும் அவன் கேட்கவில்லை" என்று வாசித்தார். என் மகன் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. தையற்காரர் பொய் சொல்கிறார் என்று சண்டை போட்டேன். மருந்துக்கடையில் கொடுத்தேன். தபால்கார அம்மாளிடம் கொடுத்தேன். மூவரும் ஒன்றையே வாசித்தார்கள். என் கிறுக்கு அன்று பிடித்தது.

என் மகன் அந்தத் தாளைத் தன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். பெற்ற அப்பனே காட்டிக்கொடுத்தான் என்று அவளும் நம்பி, கேட்காமலே செத்துப்போனாள்.

அந்தத் தாளை ஒரு வருஷமாகத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். உங்கள் கிறுக்கல் இல்லை அது. அழகான எழுத்து. வால்கள் எல்லாம் மேலே சுருண்டிருக்கின்றன. பொய்க்கு எதற்கு இவ்வளவு அழகு என்று தோன்றும். ஆபீசில் யாரோ படி எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கு என் ஞாபகம் வேண்டும். எனக்கு உங்களுடையது வேண்டும். அன்று நடந்ததை எழுதி அனுப்புங்கள். என் மகனுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் எழுதியது வந்தால், நாற்பத்தொன்றாம் ஈடு வரும்.

இதைத் தையற்காரர் எழுத, மருந்துக்கடைக்காரர் திரும்ப வாசித்துக் கேட்டு வைத்த ரேகை:

உங்கள் மச்சான்


மார்ச் 22

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் மகன் என் மடியில் வளர்ந்தவன். அவனுக்கு முதல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

அந்த நாட்களில் என்மேல் எத்தனை பக்கத்திலிருந்து நெருக்கடி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. திட்டமே நின்றுபோனால் நாற்பது குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். உங்கள் தங்கையும் நானும் அதில் ஒரு குடும்பம். இப்போது அதையெல்லாம் கிளறி யாருக்கு என்ன லாபம்? காவல்காரர் திரும்பி வரப்போகிறாரா?

இருந்தாலும் உங்கள் மனம் ஆறட்டும் என்று இதை எழுதுகிறேன்: "அந்த விபத்து நேர்ந்த நாளில் நிர்வாகத் தரப்பிலும் சில கவனக்குறைவுகள் நேர்ந்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால் சிலர் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை நீங்கள் தாராளமாக அவனுக்கு அனுப்பலாம்.

இனி நீங்கள் சொல்ல வேண்டியதுதான். நேற்றைய ஈடும் பழுப்பு. இளம் பொறியாளர்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். மேசைமேல் இருக்கும் கிண்ணம் கடையில் வாங்கியதா என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

பதிலை எதிர்பார்த்து,
உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய இரண்டு வரியை மூவரும் வாசித்தார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு பெரியவரே. எதுக்குன்னும் தெரியல, யாருக்குன்னும் தெரியல." தபால்கார அம்மாளுக்குத்தான் கோபம். "நேர்ந்திருக்கக்கூடுமாமே! நெருப்பு தானா நடந்து வந்து தொட்டியில உக்காந்துச்சாமா?" என்றார். நாற்பது வருஷம் தபால் பட்டுவாடா செய்தவர். உறையைத் தொட்டாலே உள்ளே இருப்பது கடிதமா சாக்குப்போக்கா என்று சொல்லிவிடுவார்.

சைக்கிள் நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். மறக்கவில்லை. சிவப்பு சைக்கிள், மணி அடிக்காது. பின்னால் பிடித்துக்கொண்டே வருவதாகச் சொல்லிவிட்டு நடுவழியில் கையை விட்டீர்கள். அவன் விழுந்து முன்பல் உடைந்தது. அதையும் மறக்கவில்லை.

நான் ஏமாற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கையில் சரக்கு இருக்கிறது என்று காட்ட ஒன்று சொல்கிறேன். இலையை அடுப்பில் வைத்து உலர்த்துகிறீர்கள் அல்லவா? அதை நிறுத்துங்கள். பச்சை வெந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை கழுவினாலும் போகாது. நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வடித்த பாகை மடமடவென்று கவிழ்க்காமல் நூல்போல் ஊற்றுங்கள். ஸ்பிரிட் குளிர்ந்திருக்க வேண்டும், கலக்கக்கூடாது. பழுப்பு பாதி குறையும். ஆனால் நொறுங்குவது நிற்காது. அது நிற்க இன்னொன்று வேண்டும். அது என்னோடு இருக்கிறது.

இப்போது நான் கேட்பது. மழுப்பல் வேண்டாம். விசிறி எத்தனை நாள் ஓடவில்லை, விசையைப் போட்டது யார், என் மகன் என்ன சொல்லித் தடுத்தான், சிகரெட் என்று எழுதச் சொன்னது யார், கண் கட்டியிருந்த எனக்கு ஒன்றை வாசித்து வேறொன்றில் ரேகை வாங்கியது யார். நெருப்பு அணைந்த மூன்றாம் நாள் நாற்றங்காலில் என்ன செய்யச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். எனக்குத் தெரியும். தோட்டக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். ஆனால் உங்கள் வாயால் வேண்டும்.

இன்னொன்று. இதை நீங்கள் எழுதக்கூடாது. நான் சொல்ல நீங்கள் எழுதிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நீங்கள் சொல்லுங்கள், என் தங்கை எழுதட்டும். தான் சொல்வதை இன்னொருவர் கை எழுதும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும். அவள் உங்களை எவ்வளவு பெரிய மனிதராக நினைத்துக்கொண்டிருக்கிறாள்! கல்யாணமான நாளிலிருந்து, "அவரு ஒரு எறும்புக்கும் தீங்கு நினைக்கமாட்டாரு அண்ணா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! நீங்கள் என்னிடமிருந்து மகனையும் மனைவியையும் எடுத்துக்கொண்டீர்கள். உங்களிடமிருந்து நான் இதுவரை ஒன்றும் எடுக்கவில்லை. அவளுடைய அந்த நினைப்பு ஒன்று போதும் எனக்கு.

உங்கள் ஏப்ரல் 26 எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

இம்முறை எழுதியது தபால்கார அம்மாள், திரும்ப வாசித்தது தையற்காரர், ரேகை என்னுடையது.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 11

மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடி நிழலில் உலர்த்தினோம். நூல்போல் ஊற்றினோம். நிறம் வெளுத்திருக்கிறது. முதன்முறையாக இளம் பொறியாளர்கள் என்னை எழுந்து நின்று பார்த்தார்கள். ஆனால் நீங்கள் சொன்னதுபோலவே நொறுங்குகிறது, அளவும் ஏறவில்லை.

அவளை இதற்குள் இழுக்காதீர்கள் என்று கெஞ்ச நினைத்தேன். நாள் இல்லை. முந்தாநாள் காலையில் மேசையில் உட்காரச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. திருப்திதானே?

தாள் இத்துடன் இருக்கிறது. நான் என் பங்கைச் செய்துவிட்டேன். 20ஆம் தேதிக்குள் உங்கள் பதில் வந்தால்தான் ஒரு ஈடு எடுக்க முடியும். இனிமேலாவது என்மேல் கொஞ்சம் இரக்கம் வையுங்கள்.

மாப்பிள்ளை

(இணைத்திருக்கும் தாள்)

"கொட்டகையின் விசிறி ஒன்பது நாட்களாக ஓடவில்லை. அது எனக்குத் தெரியும். என் மைத்துனரின் மகன் சூடேற்ற வேண்டாம் என்று என்னிடம் சொன்னான். நான் கேட்கவில்லை. அடுப்பின் விசையைப் போட்டது நான். வாசல் காவல்காரர் அந்த நெருப்பினால் இறந்தார். அந்தப் பையன் சிகரெட் பிடிக்கவில்லை. அப்படி எழுதச் சொன்னது நான். கண் கட்டியிருந்த என் மைத்துனருக்கு அவர் சொன்னதையே வாசிப்பதுபோல் நடித்து, வேறு வாசகம் உள்ள தாளில் அவருடைய ரேகையைப் பெற்றது நான். நெருப்பு அணைந்த மூன்றாம் நாள், அந்தப் பையன் கை பட்ட எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லி, அவன் வளர்த்த செடிகளையும் விதைத் தட்டுகளையும் எரிக்கச் சொன்னது நான். இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்கிறேன்."

சொன்னவர்: உங்கள் மாப்பிள்ளை
சொல்ல எழுதியவள்: தங்கை


ஏப்ரல் 19

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாள் வந்து சேர்ந்தது. மூவரும் வாசித்தார்கள். ஒரு சொல் மாறவில்லை. "வற்புறுத்தலும் இன்றி" என்ற இடத்தில் மட்டும் மூவரும் சிரித்தார்கள். பிறகு தபால்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் சொன்ன சொல் மாறமாட்டேன். நாற்பத்தொன்றாம் ஈட்டைச் சொல்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் பேனாவை எடுக்க வேண்டாம். குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

தொட்டியில் ஒரு ரகசியமும் இருக்கவில்லை. போன கடிதத்தில் சொன்னதோடு என் கைவேலை முடிந்தது. மிச்சம் செடியில் இருந்தது. மூன்றாம் பாத்தியில் கடைசி வரிசை ஞாபகம் இருக்கிறதா? மற்றச் செடிகள் ஆள் உயரத்துக்கு நிற்கும்போது அது முழங்காலைத் தாண்டாது. இலை வெளிறி, ஓரம் மஞ்சளாக, காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள்போல் நிற்கும். நீங்கள்தான் அதற்கு நோஞ்சான் வரிசை என்று பேர் வைத்தீர்கள். "நோஞ்சான் வரிசையைப் பிடுங்கிப் போடு, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று இரண்டு முறை சொன்னீர்கள். என் மகன் பிடுங்கவில்லை. என்னிடம் வந்து சொன்னான்: "அப்பா, இது நோய் இல்ல. தின்ன சாப்பாடு பூரா பிளாஸ்டிக்கா போகுது, அதான் உடம்பு ஏறல. நல்லா வளர்ந்து நிக்குதே மத்ததெல்லாம், அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. வேணும்னா இதை மட்டும் தனியா வேகவைச்சுப் பாருங்க."

வேகவைத்தேன். அதுதான் நாற்பத்தொன்றாம் ஈடு. வேறு ஒரு இலையும் அதில் இல்லை. நீங்கள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக் குதித்தீர்கள். அப்போதே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் மகன் கையைப் பிடித்தான். "இப்ப சொன்னா பிடுங்கலைன்னு திட்டுவாரு. பெரியவங்க வர்ற அன்னிக்கு வரிசையையும் கிண்ணத்தையும் சேர்த்துக் காட்டுவோம். மாமாவுக்கும் பேரு வரட்டும்" என்றான். மாமாவுக்கும் பேரு வரட்டும் என்றவன் அவன். பெரியவர்கள் வந்த அன்று நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

இருபத்திரண்டு வருஷமாக நீங்கள் நெடுநெடுவென்று வளர்ந்த செடியின் விதையையே போட்டு, அதன் பிள்ளையையும் பேரனையும் வளர்த்து வருகிறீர்கள். ஆறு ஏக்கர் ஆலை கட்டியிருக்கிறீர்கள். உள்ளே கொதிப்பது வெறும் இலை. நோஞ்சான் வரிசை எங்கே என்று தேடுகிறீர்களா? நீங்கள் சொல்லி என் தங்கை எழுதிய தாளில், கடைசிக்கு முந்தைய வரியைப் படியுங்கள். கேட்ட பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டு, என்னிடம் இரக்கம் கேட்கிறீர்கள். ஒரு விதைகூட மிஞ்சவில்லை. தோட்டக்காரர் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

இதைச் சொல்லிமுடித்து நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒரு வருஷம் காத்திருந்தேன். அன்று சாயங்காலம் மூவருக்கும் டீ வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். வாங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூவரும் எழுத்தைப் படித்தார்கள். நான் எழுத்தைப் பார்த்தேன்.

என் தங்கை எழுதிய தாளைக் கையில் வாங்கியதுமே எங்கேயோ பார்த்த முகம்போல் இருந்தது. பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வால்கள் மேலே சுருண்டிருந்தன. இரண்டிலும். வரி முடியும் இடத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் மேலே ஏறி நின்றது. இரண்டிலும். தையற்காரரைக் கூப்பிட்டு, படிக்க வேண்டாம், தைத்தது ஒரே கையா என்று மட்டும் பாருங்கள் என்றேன். பார்த்தார். என் தோளில் கை வைத்தார்.

அவளுக்கு அறிவு வர வேண்டும் என்று நான் கொதிகலன் வேலைக்குப் போனேன், மாப்பிள்ளை. எனக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் அவளுக்குக் கிடைக்கட்டும் என்று. சிலேட்டில் போட்ட முதல் எழுத்தை ஓடிவந்து எனக்குத்தான் காட்டினாள். அது என்ன எழுத்து என்று இன்றும் எனக்குத் தெரியாது. வால் மேலே சுருண்டிருந்தது என்று தெரியும். என் மகனுக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். சிறையில் அந்தத் தாளைப் பார்த்தபோது அது யார் கை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்பா சொல்ல, அத்தை எழுதினாள் என்றுதான் நினைத்திருப்பான். அவன் ஏன் வாசலைத் தாண்டவில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது.

உங்களைப் பற்றிய அவள் நினைப்பை உங்களிடமிருந்து பிடுங்கலாம் என்று பார்த்தேன். அப்படி ஒரு நினைப்பே அவளிடம் இருந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டைவிரலைப் பிடித்தபோது அவள் கை நடுங்கியதே, அதற்கு நான் வைத்திருந்த அர்த்தம்தான் போயிற்று. நீங்கள் கேட்டீர்களே, திருப்திதானே என்று. பாதி.

இரண்டு தாளையும் ஒரே உறையில் வைத்து என் மகனுக்கு அனுப்பிவிட்டேன். தபால்கார அம்மாள் தன் கையால் ஒட்டிக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தார். ஒரு படி காவல்காரரின் மகளுக்கும் போயிருக்கிறது. அவள் இப்போது வக்கீலாக இருக்கிறாள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. என் மகன் பதில் போடுவானா மாட்டானா தெரியாது. உறைமேல் அவன் விலாசத்தை அம்மாள் எழுதும்போது, அந்த எழுத்துகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அவனிடமிருந்து ஏதாவது வந்தால் மூன்று பேர் வேண்டாம். ஒருவர் வாசித்தாலே நம்புவேன்.

26ஆம் தேதி பெரியவர்களுக்கு அந்தப் பழைய கிண்ணத்தைக் காட்டுங்கள். அது உண்மையான சரக்கு. யார் வளர்த்த செடி என்று கேட்டால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இனி உங்களுக்கு என்னிடமிருந்து கடிதம் வராது. இதை என் தங்கைக்கு வாசித்துக் காட்டுங்கள். அவளாகப் படிக்க விடாதீர்கள். எதிரே உட்காரவைத்து நீங்களே வாசியுங்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வாசித்ததுபோல் வேண்டாம். என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசியுங்கள்.

உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்து வைத்த ரேகை:

பையனின் அப்பா